வாட்ச் 118 காட்டுது, அதனால மாத்திரை வேணாமா?

போன வாரம் பிசியோதெரபி சென்டர்ல நடந்ததை எழுதிடணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வேலையெல்லாம் முடிஞ்சு இப்பதான் உக்காந்தேன்.

அப்பா போற அதே நேரத்துக்கு அங்க ஒரு வாத்தியாரும் வருவார். கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பா மாதிரியே அவருக்கும் பக்கவாதம் வந்து இடது கை, கால் இழுத்துக்கிச்சு. விடாம பயிற்சி பண்ணி, இப்ப கம்பு இல்லாமயே வாசல் வரைக்கும் நடக்கிறார். அன்னிக்குப் புதுசா ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிட்டு வந்தார். பையன் வாங்கிக் குடுத்தானாம். முகமெல்லாம் சிரிப்பு.

"இதுலயே பிரஷர் காட்டுதும்மா. தினம் காலைல 118, 120 தான். அதான் ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன். எதுக்கு வீணா உடம்புல மருந்தை ஏத்தணும்?"

எனக்குத் திக்குனு ஆயிடுச்சு.

பிசியோ தம்பி ஒண்ணும் சொல்லல. பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பி.பி. பாக்கறது அங்க வழக்கம். பட்டையைச் சுத்தி பட்டனை அமுக்கினார். 172/98. அஞ்சு நிமிஷம் அமைதியா உக்கார வச்சு மறுபடி பாத்தார். 168/96. அதே நேரத்துல வாட்ச் என்ன சொல்லுச்சு தெரியுமா? 121/79.

"சார், இன்னிக்குப் பயிற்சி வேணாம். நேரா டாக்டரைப் பாத்துட்டு வாங்க."

(போனார். மாத்திரைய அன்னிக்கு ராத்திரியே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. இப்ப நல்லா இருக்கார்.)

வாத்தியார் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. பையன் மேலயும் இல்ல. அப்பாவுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசையா வாங்கிக் குடுத்திருக்கான். என் கோபமெல்லாம் அந்த 118 மேலதான். கூச்சமே இல்லாம, தசமப் புள்ளி மட்டும்தான் பாக்கிங்கற மாதிரி, அவ்வளவு உறுதியா ஒரு பொய்யைக் காட்டுது பாருங்க, அது மேல.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரு பேச்சுக்கு அந்த 118 நிஜம்னே வச்சுக்குவோம். அப்பவும் மாத்திரைய நிறுத்தக் கூடாது! மாத்திரை சாப்பிடறதாலதான் 118. நிறுத்தினா கொஞ்ச நாள்ல பழைய இடத்துக்கே போயிடும். "நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்"ங்கற இந்த ஒரு வரியை நான் எத்தனை வீட்ல கேட்டிருக்கேன்! வாட்ச் வர்றதுக்கு முன்னாடியும் இதைத்தான் சொன்னாங்க. இப்ப அதுக்கு ஒரு சாட்சி கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு பதறுறேன்னு கேக்கலாம்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு ஏற்பட்டு. வலது கை, வலது கால். பேச்சும் குழறிடுச்சு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு நரம்பியல் டாக்டர் எங்களை உக்கார வச்சு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "இன்னொரு தடவை வராமப் பாத்துக்கறது உங்க கையிலதான் இருக்கு. பி.பி.யை விட்றாதீங்க."

அப்புறம் நான் உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். இன்டர்ஸ்ட்ரோக்னு ஒரு பெரிய ஆராய்ச்சி. 2016-ல அதோட ரெண்டாவது கட்ட முடிவு வந்துச்சு. இந்தியா உட்பட 32 நாடுகள். பக்கவாதத்துக்கான காரணங்கள்ல உயர் ரத்த அழுத்தம் மட்டுமே கிட்டத்தட்ட பாதி! சிகரெட், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அதுக்குப் பின்னாடிதான் நிக்குது.

அதை விட என்னைப் பிடிச்சு உலுக்கினது 2001-ல வந்த ப்ராக்ரஸ் ஆராய்ச்சி. ஏற்கெனவே ஸ்ட்ரோக்கோ, சின்ன ஸ்ட்ரோக்கோ வந்த 6,105 பேரை வச்சுப் பண்ணினது. மாத்திரை குடுத்து பி.பி.யைச் சராசரியா எவ்வளவு இறக்கினாங்க? மேல 9, கீழ 4. அவ்வளவுதான். அதுக்கே மறுபடி ஸ்ட்ரோக் வர்றது 28 சதவீதம் குறைஞ்சுது. பி.பி. அதிகம் இல்லாதவங்களுக்கும் அந்தப் பலன் கிடைச்சுது.

இந்த 9-ஐ மனசுல வச்சுக்கோங்க. ஒன்பது பாயின்ட் இறங்கினாலே இத்தனை பேர் தப்பிக்கிறாங்க. அப்ப ஐம்பது பாயின்ட் தப்பாக் காட்டற ஒரு சாமான், மாத்திரை வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணலாமா?

சரி, இந்த வாட்ச் எப்படித்தான் பி.பி. பாக்குது?

பின்பக்கம் பச்சையா ஒரு வெளிச்சம் மினுக்கும், கவனிச்சிருப்பீங்க. அந்த வெளிச்சம் தோலுக்குள்ள போய், ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுறதையும் குறையறதையும் பார்க்கும். நாடித்துடிப்பை எண்ணறதுக்கு அருமையான முறை. ஆனா அழுத்தத்தை அது தொடவே இல்ல. துடிப்பலையோட வடிவத்தை வச்சு, "இவருக்கு இவ்வளவு இருக்கலாம்"னு ஒரு கணக்குப் போடுது. சமையல்கட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, விசில் சத்தத்தைக் கேட்டே குக்கருக்குள்ள எவ்வளவு பிரஷர்னு சொல்ற வேலை அது.

மேல்கையில சுத்தற பட்டை அப்படி இல்ல. நிஜமாவே காத்தடிச்சு ரத்தக்குழாயை நசுக்கி, மெதுவா விட்டுக்கிட்டே வந்து, ரத்தம் திரும்ப ஓடும்போது பட்டைக்குள்ள ஏற்படற அதிர்வை அளக்குது. 1896-ல இத்தாலியில ரிவா-ரோச்சி பட்டையைக் கட்டினார். 1905-ல ரஷ்யாவுல கொரோட்காஃப் அதுல ஸ்டெதாஸ்கோப்பை வச்சுக் கேட்டார். அடிப்படை இன்னிக்கும் அதேதான். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இதை ஓரங்கட்டற அளவுக்கு இன்னும் ஒண்ணும் வரல.

எங்க வீட்டுலயும் ஒரு வாட்ச் இருக்கு. தம்பி சிங்கப்பூர்லேர்ந்து அப்பாவுக்கு அனுப்பினான். (பிராண்ட் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.) வாத்தியார் விஷயம் நடந்ததும் வீட்டுக்கு வந்து முதல் வேலையா அதை எடுத்தேன்.

நான் கட்டிக்கிட்டுப் பாத்தேன். 117/75. மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்க வந்து நின்னு பாத்தேன். பட்டை மெஷின் 141 சொல்லுது, வாட்ச் 122. அம்மா கையில கட்டினேன். அம்மாவுக்கும் 119. அப்புறம் ஒரு துண்டைச் சுருட்டி, அதுல இறுக்கக் கட்டி வச்சேன்.

துண்டுக்கு பி.பி. 120/80-க்குப் பக்கத்துல.

அம்மா அப்படியே நின்னு பாத்துட்டு, "துண்டுக்கும் நல்ல ஆரோக்கியம்தான்"னாங்க.

இந்த மாதிரி வாட்ச்சுங்க பலதும் பெரும்பாலானவங்களுக்கு இருக்கற சராசரியையே சுத்திச் சுத்தி வரும். ஆரோக்கியமா இருக்கறவங்க கையில கட்டினா ரொம்பத் துல்லியமாத் தெரியும். ஏன்னா அவங்களுக்கு நிஜமாவே 120 தான் இருக்கும்! யாருக்கு அதிகமா இருக்கோ, யாருக்குத் தெரிஞ்சே ஆகணுமோ, அவங்ககிட்டதான் தப்பு பண்ணும். இதுக்கு ஏற்கெனவே ஒரு முன்கதை உண்டு. இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்னு ஒரு போன் ஆப் வந்து சக்கைப் போடு போட்டுச்சு. போனை நெஞ்சுல வச்சு, கேமரா மேல விரலை வச்சாப் போதும்னாங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் அதைச் சோதிச்சு 2016-ல எழுதினாங்க. பி.பி. அதிகமா இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட பத்துல எட்டு பேருக்கு "நார்மல்"னு காட்டியிருக்கு. அமெரிக்க அரசு அந்தக் கம்பெனி மேல நடவடிக்கையே எடுத்துச்சு.

நல்ல கம்பெனிங்க இதை மறைக்கறதில்ல, அதையும் சொல்லணும். சாம்சங் வாட்ச்ல பி.பி. பாக்கற வசதிக்குத் தென்கொரியா 2020-ல அனுமதி குடுத்துச்சு. ஆனா 28 நாளைக்கு ஒரு தடவை பட்டை மெஷின்ல பாத்து, அந்த ரீடிங்கை வாட்ச்சுக்குச் சொல்லிக் குடுத்தே ஆகணும். அதாவது பட்டை மெஷின் இல்லாம அந்த வாட்ச்சால ஒண்ணும் பண்ண முடியாது. ஆப்பிள் 2025 செப்டம்பர்ல ஒரு வசதி கொண்டுவந்தாங்க. அது நம்பரே காட்டாது. 30 நாள் தகவலைப் பாத்துட்டு, "உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம், பாத்துக்கோங்க"னு எச்சரிக்கும். அவ்வளவுதான். அதுவும் ஏற்கெனவே பி.பி. இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு இது இல்லைனு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அப்ப பி.பி. இருந்து ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு? கிடையவே கிடையாது.

அதே 2025 ஜூலையில, வூப்னு ஒரு கைப்பட்டைக் கம்பெனிக்கு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. அனுமதி வாங்காம பி.பி. கணிச்சுக் காட்டறாங்கன்னு. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்த சங்கத்தோட 2023 வழிகாட்டுதலும் இதேதான். பட்டை இல்லாத கருவியை வச்சு நோயைக் கண்டுபிடிக்கவோ மருந்தை மாத்தவோ வேணாம்.

இது எல்லாருக்கும் பொதுவான கதை. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குன்னு தனியா சில சிக்கல் இருக்கு. இதைப் பத்தி வாட்ச் விளம்பரத்துல ஒரு வரி கூட வராது. வீட்ல பாத்துக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

முதல்ல, எந்தக் கை?

வாட்ச் வந்த அன்னிக்கு சித்தப்பா அதை அப்பாவோட வலது கையில கட்டினார். ஏன்னா, "நல்ல கையிலதான சாப்பிடறார், கழுவறார். வேலை இல்லாத கையிலயே கெடக்கட்டும்." கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா வாதம் வந்த கையில பி.பி. பாக்கக் கூடாதும்பாங்க. விறைச்சுப் போன கையில கூடுதலாக் காட்டலாம், துவண்டு போன கையில குறைச்சலாக் காட்டலாம். எங்கப்பா கை சாயங்காலம் ஆனா வீங்கிடும். அசைவு இல்லாததால நீர் இறங்காது. அந்த வீக்கத்துக்கு மேல வாட்ச் பட்டையை இறுக்கினா தோல்ல தடம் விழும். உணர்ச்சி குறைவா இருக்கறதால வலிக்குதுன்னு அவருக்குச் சொல்லவும் தெரியாது. அதனால பி.பி. பாக்கறதோ, வாட்ச் கட்டறதோ, நல்ல கையிலதான்.

நல்ல கையில கட்டணும்னா இன்னொரு பிரச்சினை வரும். கட்டறதுக்கு எந்தக் கை? வலது கை வேலை செய்யாதவர் இடது கையில வாட்ச் பக்கிளை எப்படி மாட்டுவார்? தனியா இருக்கற பெரியவங்களை நினைச்சா எனக்கு இதுதான் மனசுல நிக்கும். இந்த வாட்ச்சையும் மெஷினையும் தயாரிக்கறவங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரு கையாலயே பட்டையைச் சுத்திப் பாத்திருப்பாங்களா? எங்க வீட்ல மெஷின் பட்டையைக் கழட்டறதே இல்ல. வளையமா விட்டு வச்சிருப்போம். அப்பா கையை நுழைச்சுக்குவார். அம்மா முனையைப் பிடிச்சு இழுத்து ஒட்டுவாங்க. தனியா இருக்கறவங்களுக்கு, முன்கூட்டியே வளைச்சு வச்ச விறைப்பான பட்டையோட வர்ற மெஷின் இருக்கு. அதைக் கேட்டு வாங்குங்க.

அடுத்தது இதயத் துடிப்பு. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல நிறைய பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு ஒரு தாறுமாறான துடிப்பு இருக்கும். ஸ்ட்ரோக்குக்கு அதுவே காரணமாவும் இருக்கும். துடிப்பலை ஒவ்வொண்ணும் ஒரு அளவுல வந்தா, அலையோட வடிவத்தைப் பாத்துச் சொல்ற வாட்ச்சோட கணக்கு குழம்பிடும். பட்டை மெஷினே தடுமாறும். அதனாலதான் அவங்களுக்கு மூணு தடவை பாத்து சராசரி எடுக்கச் சொல்லுவாங்க.

அப்புறம் மருந்து. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் முதல் சில மாசம் மாத்திரைய மாத்திக்கிட்டே இருப்பாங்க. ரத்தக்குழாயைத் தளர்த்தற மாத்திரை சேர்ந்தா துடிப்பலையோட வடிவமே மாறும். பழைய ரீடிங்கை வச்சுக் கத்துக்கிட்ட வாட்ச், பழைய உடம்பைத்தான் பாத்துக்கிட்டிருக்கும்.

இதுல நேர்மையான விதிவிலக்கு ஒண்ணு உண்டு. வாட்ச் பட்டைக்குள்ளயே குட்டியா ஒரு காத்துப்பை வச்சு, நிஜமாவே ஊதி அளக்கற ரகம். ஓம்ரான் ஹார்ட்கைட் 2018 கடைசில எஃப்.டி.ஏ. அனுமதி வாங்குச்சு. ஹுவாவே வாட்ச் டி-யும் அந்த வகைதான். இதுங்க யூகிக்கறதில்ல, அளக்குது. ஆனா மணிக்கட்டுல அளக்கறதால கையை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து ஆடாம வச்சுக்கணும். பத்து சென்டிமீட்டர் கீழ இறங்கினா கிட்டத்தட்ட 8 பாயின்ட் ஏறிடும். மேல தூக்கினா அதே அளவு இறங்கிடும். (அந்த ஒன்பது ஞாபகம் இருக்கா? ஒரு ஜாண் கூட வேணாம், அதுக்குள்ள அது போயிடுச்சு.) தோள்பட்டை வலியும் விறைப்பும் இருக்கறவங்களுக்கு இந்த நிலை சுலபமில்ல.

இதையெல்லாம் படிச்சுட்டு, "அப்ப உடம்புலயே மாட்டிக்கிட்டு பி.பி. பாக்கற கருவியே வேணாங்கறியா?"னு கேட்டா, இல்ல. ஒண்ணு இருக்கு. பழசு, பாக்க அழகா இருக்காது, ஆனா தங்கம்.

24 மணி நேர பி.பி. மானிட்டர். ஆம்புலேட்டரினு சொல்லுவாங்க. இடுப்புல ஒரு சின்னப் பெட்டி, மேல்கையில பட்டை. பகல்ல அரை மணிக்கு ஒரு தடவையோ அதுக்கு முன்னாடியோ, ராத்திரில இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டோ, அதுவா ஊதிப் பாத்துப் பதிஞ்சுக்கும். மறுநாள் திருப்பிக் குடுத்தா, முழு நாளும் கோடு கோடா வந்துடும்.

அப்பாவுக்கு டாக்டர் இதைப் போடச் சொன்னப்ப வீட்ல ஒரே எதிர்ப்பு. ராத்திரி பூரா உர்ர்னு ஊதும், அப்பா தூக்கத்துல கையை உதறுவார். அம்மா, "மனுஷனைத் தூங்க விடுங்கடி"ன்னு என்னைத் திட்டினாங்க. ஆனா மறுநாள் வந்த அந்த வரைபடம் இருக்கே! பகல்ல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. நாங்க நோட்டுல எழுதி வச்சதும் அதுவும் ஒத்துப்போச்சு. ராத்திரிதான் விஷயம். தூங்கும்போது பி.பி. பகலை விட 10லேர்ந்து 20 சதவீதம் இறங்கணும். அப்பாவுக்கு இறங்கவே இல்ல.

டாக்டர் அதைப் பாத்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "குறட்டை விடுவாரா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா?"

அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு ஆமான்னாங்க. பல வருஷமா அது ஒரு சிரிப்பு விஷயமாத்தான் எங்க வீட்ல இருந்துச்சு. தூக்கத்துல மூச்சுத் திணறல் ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ரொம்பப் பரவலா இருக்கற ஒண்ணு. ராத்திரி பி.பி. இறங்காததுக்கு முக்கியமான காரணங்கள்ல அதுவும் ஒண்ணு. அதுக்குத் தனியா டெஸ்ட், சிகிச்சைன்னு போச்சு. பகல்ல எத்தனை தடவை பட்டை கட்டியிருந்தாலும் அது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஒரு நாள் தூக்கம் கெட்டதுக்கு எவ்வளவு பெரிய பலன்!

அதனால ராத்திரி பி.பி.யைத் தூக்கம் கெடாம, துல்லியமா, தினம் பாக்கற ஒரு வாட்ச் வந்தா, முதல் ஆளா நான் வாங்குவேன். வரணும்னு மனசார ஆசைப்படறேன். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத்தான் அது மத்த எல்லாரையும் விட அதிகம் தேவை. அந்த நாள் வர்ற வரைக்கும், வந்துட்ட மாதிரி நம்மகிட்ட விக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

வாட்ச்சைத் தூக்கிப் போட்டுட்டீங்களான்னு கேட்டா, இல்ல. அப்பா இப்பவும் கட்டறார், இடது கையில. பி.பி. பக்கத்தை மட்டும் செட்டிங்ல மூடிட்டேன். எத்தனை அடி நடந்தார்னு காட்டறது அவருக்கு அவ்வளவு உற்சாகம். மாத்திரை நேரத்துக்குக் கையில அதிரும். ஈ.சி.ஜி. எடுக்கற வசதி இருக்கற வாட்ச்னா இன்னும் ஒரு படி மேல. அந்தத் தாறுமாறான துடிப்பு ஸ்ட்ரோக் ஆபத்தைக் கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு ஆக்கும். பல பேருக்கு அது வந்து வந்து போற ரகம். ஆஸ்பத்திரில எடுக்கற பத்து செகண்ட் ஈ.சி.ஜி.ல மாட்டாமலே போகலாம். நாள் பூரா கையில இருக்கற வாட்ச்ல மாட்ட வாய்ப்பு அதிகம். ஆப்பிளும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து 4 லட்சத்துக்கும் மேல ஆளுங்களை வச்சு, நாடித்துடிப்பைப் பாத்தே வாட்ச்சால இதைக் கண்டுபிடிக்க முடியுதான்னு சோதிச்சு 2019-ல வெளியிட்டாங்க. வாட்ச் எதுல கெட்டியோ அந்த வேலையை வாட்ச்கிட்ட குடுங்க.

எங்க வீட்ல பி.பி. பாக்கறது எப்படின்னு சொல்றேன், உதவும்.

ஆரம்பத்துல கட்டில்லயே படுத்த வாக்குல பாத்தோம். அப்புறம் சோபா. அதுல அப்பா வலது பக்கமா சரிஞ்சுடுவார். இப்ப கை வச்ச மர நாற்காலி. முதுகு சாய்ஞ்சு, பாதம் தரையில, கால் மேல கால் போடாம. கையை மேஜை மேல தலையணை வச்சு நெஞ்சு உயரத்துக்கு. காப்பிக்கு முன்னாடி, மாத்திரைக்கு முன்னாடி, பாத்ரூம் போயிட்டு வந்து. (மூத்திரம் முட்டிக்கிட்டிருந்தாலும் பி.பி. ஏறும்.) அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். இந்த அஞ்சு நிமிஷம்தான் எங்களுக்குப் பெரிய போராட்டம். பேச்சு திரும்ப வந்ததுலேர்ந்து அப்பாவுக்குப் பேசணும், பேசிக்கிட்டே இருக்கணும். பேசினா ஏறும். அதனால அந்த நேரத்துல வீட்ல யாரும் அவர் முகத்தைப் பாக்கறதில்ல!

காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு, நடுவுல ஒரு நிமிஷம் இடைவெளி. நோட்டுல எழுதறது அம்மா. டாக்டரைப் பாக்கப் போறதுக்கு முந்தின ஒரு வாரம் விடாம எழுதுவாங்க. மத்த நாள்ல அவ்வளவு கெடுபிடி இல்ல. தினம் நாலு தடவை பயந்து பயந்து பாத்தா, அந்தப் பயத்துலயே ஏறும்.

வீட்ல பாக்கற சராசரி 135/85-க்கு மேல போனா அதிகம். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு 130/80-க்குக் கீழ வைக்கணும்னுதான் பொதுவா சொல்றாங்க. உங்களுக்கு எவ்வளவுன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். ரொம்ப இறங்கறதும் ஆபத்து. எந்திரிச்சு நின்னதும் பாருங்க. நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் 20 இறங்குச்சுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஏற்கெனவே ஒரு கால் தள்ளாடறவங்க தலை சுத்தி விழுந்தா, இடுப்பு எலும்பு போயிடும்.

பட்டை அளவையும் பாத்து வாங்குங்க. பெரும்பாலான மெஷினோட சாதாரணப் பட்டை 22லேர்ந்து 32 சென்டிமீட்டர் சுற்றளவு கைக்கு. கை மெலிஞ்சு போன பெரியவங்களுக்குப் பட்டை பெருசா இருந்தா குறைச்சுக் காட்டும். குண்டான கைக்குச் சின்னப் பட்டைன்னா கூட்டிக் காட்டும். டெய்லர் டேப் எடுத்து மேல்கை நடுவுல அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

நடுவுல இதையும் சொல்லிடறேன், ஏன்னா இதுல உயிரே இருக்கு. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஸ்ட்ரோக் வந்து, தேறி, வீட்டுக்கு வந்தவங்களுக்கு. ஸ்ட்ரோக் வர்ற அந்த நேரத்துக்குக் கணக்கே வேற. அப்பாவை ஐ.சி.யூ.ல வச்சிருந்தப்ப மானிட்டர்ல 190-னு ஓடுது, நர்ஸ் பேசாம இருக்காங்க. சித்தப்பா கத்தோ கத்துன்னு கத்தினார். அந்த நர்ஸ் பொறுமையா விளக்கினாங்க. அடைப்பால வர்ற ஸ்ட்ரோக்ல, அடைப்பைக் கரைக்கற ஊசி போடலைன்னா, முதல் நாள்ல 220/120 வரைக்கும் கூட விட்டு வைப்பாங்களாம். அடைபட்ட இடத்தைச் சுத்தி உயிருக்குப் போராடற மூளைக்கு அந்த அழுத்தம்தான் ரத்தத்தைத் தள்ளிக் குடுக்குது. ஊசி போடறதா இருந்தா 185/110-க்குக் கீழ கொண்டுவரணும். ரத்தக்கசிவுன்னா 140 பக்கத்துல வேகமா இறக்கணும். எதுன்னு சி.டி. ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும். வீட்ல இருக்கற நமக்குத் தெரியாது.

அதனால முகம் கோணி, கை துவண்டு, பேச்சு குழறினா, பி.பி. பாத்துக்கிட்டு நிக்காதீங்க. நாக்குக்கு அடியில மாத்திரை வைக்காதீங்க. தண்ணி கூடக் குடுக்காதீங்க, விழுங்கற சக்தி போயிருந்தா நுரையீரலுக்குள்ள இறங்கிடும். 108-ஐக் கூப்பிடுங்க. கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

வாட்ச்சோ மெஷினோ எதுவும் வாங்க முடியாத வீடுகளைப் பத்தியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சாங்க. தன்னார்வலர் அக்காங்க வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பாத்து மாத்திரையும் குடுக்கறாங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே பிசியோவும் உண்டு. 2024-ல ஐ.நா. விருது கூட வாங்குச்சு. எங்க தெருவுக்கு வர்ற அக்கா பையில ஒரு பட்டை மெஷின், மாத்திரை, ஒரு நோட்டு. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத் தேவையானது மொத்தமும் அந்தப் பையில இருக்கு. உங்க தெருவுக்கு வரலைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பேரைக் குடுங்க.

தம்பிகிட்ட போன்ல இதெல்லாம் சொன்னேன். "அப்ப நான் அங்க இல்லாம எப்படிக்கா அப்பா பி.பி.யைப் பாக்கறது?"ன்னான். நியாயமான கேள்வி. தூரத்துல இருக்கற பிள்ளைங்க மனசு அது. இப்ப புளூடூத் வச்ச மேல்கைப் பட்டை மெஷினே வருது. அம்மா பாத்தா அவன் போனுக்கும் போயிடும். வீட்லயே பாத்து, அந்த ரீடிங்கை வச்சு, டாக்டர் முன்னாடியே எழுதிக் குடுத்த திட்டப்படி மருந்தைக் கூட்டிக்கிட்டவங்களைப் பத்தி இங்கிலாந்துல ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 2014-ல வந்துச்சு. ஸ்ட்ரோக் வந்தவங்களும் அதுல இருந்தாங்க. வழக்கமான சிகிச்சையை விட மேல் நம்பர் 9 பாயின்ட் அதிகமா இறங்கியிருக்கு. வெறும் பட்டை, வெறும் நோட்டு, ஒழுங்கான மாத்திரை.

அதனால வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தா, பி.பி. பாக்கறதுக்குன்னு வாட்ச் அனுப்பாதீங்க. மேல்கைப் பட்டை மெஷின் அனுப்புங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ரைட் பிபி இணையதளத்துல அந்த மாடல் பேர் இருக்கான்னு பாத்துடுங்க, முறையாச் சோதிச்ச மெஷின்களை மட்டும்தான் அங்க பட்டியல் போடறாங்க. ஏற்கெனவே வாட்ச் அனுப்பியிருந்தீங்கன்னா இன்னிக்கே ஒரு போன் போட்டு, ராத்திரி மாத்திரை சாப்பிட்டாங்களான்னு கேளுங்க.